டார்கெட் 87 பீஸா, 100 பீஸா? பனியன் கம்பெனியில் ஓடும் ஸ்டாப்வாட்ச் கணக்கு என்ன சொல்கிறது?

நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டோட கழுத்துப் பட்டியை ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அதைத் தைக்க ஒருத்தருக்கு எத்தனை விநாடி ஆகணும் என்பதை, துணி டெய்லர் கைக்கு வருவதற்கு முன்னாடியே ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். திருப்பூரின் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் அவருக்குப் பெயர் 'ஐ.இ.', அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் அட்டை. அவர் எழுதும் எண்தான் மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டாக மாறுகிறது.

அந்த எண் எப்படி வருது?

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரு டெய்லர் ஒரு வேலையை முடிக்க 40 விநாடி ஆகிறது. அவர் வேகம் வழக்கமான வேகத்தில் 90 சதவீதம்தான் என்று ஐ.இ. மதிப்பிடுகிறார். இதுக்குப் பேர் 'ரேட்டிங்'. அப்போ நேரம் 36 விநாடியாகக் குறைகிறது. இதோடு தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, கழுத்து வலிக்கு நிமிர, அறுந்த நூலைக் கோர்க்க என்று 15 சதவீதம் சேர்ப்பார்கள். இது 'அலவன்ஸ்'. மொத்தம் 41.4 விநாடி. மணிக்கு சுமார் 87 பீஸ்.

அலவன்ஸை எடுத்துவிட்டால்? 36 விநாடிக்கு ஒரு பீஸ், மணிக்குச் சரியாக 100. ஆக, அந்த 13 பீஸ் வித்தியாசம்தான் ஒரு மனுஷி எழுந்து நடந்துவிட்டு வருவதற்கான நேரம்.

ரேட்டிங்கும் சும்மா இல்லை. அதே டெய்லரை 'இவங்க சராசரியைவிட வேகம்' என்று 110 போட்டிருந்தால், மணிக்கு 71 பீஸ்தான் டார்கெட். அதே கை, அதே மெஷின், அதே 40 விநாடி. ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லாது என்பார்கள். ஆனா ரேட்டிங் போடுவது ஸ்டாப்வாட்ச் இல்லையே, அதைப் பிடித்திருப்பவரின் கண். ஸ்டாப்வாட்சோட ஆள் வருவதைப் பார்த்ததும் டெய்லர் மெதுவாகத் தைப்பதும், அது தெரிந்தே அவர் ரேட்டிங்கைக் குறைப்பதும் இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய விளையாட்டு.

எவ்வளவு பழசு? அமெரிக்காவில் ஃப்ரெடரிக் டெய்லர் இந்த முறையைப் பரப்பிய காலத்திலேயே சண்டை வந்துவிட்டது. (ஆமா, அவர் பெயரும் டெய்லர்தான்.) 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள், ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் பயன்படுத்தவே பின்னர் தடை போட்டார்கள்.

கை வேகம்தான் பிரச்னையா?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். தோள் இணைப்பு, கை இணைப்பு, சைடு, அடி மடிப்பு எல்லாம் மணிக்கு 100 பீஸ் ஓடுகிறது, கழுத்துப் பட்டி மட்டும் 60 என்று வையுங்கள். லைன் முடிவில் வெளியே வருவது 60தான். தோள் இணைக்கும் டெய்லரை எவ்வளவு திட்டி வேகப்படுத்தினாலும் கழுத்துப் பட்டி மெஷின் பக்கத்தில் பண்டல் குவியுமே தவிர, ஒரு பீஸ்கூட கூடுதலாக வராது. அங்கே இன்னொரு ஆளையும் மெஷினையும் போட்டால் உடனே 100 வரும். இதைத்தான் 'லைன் பேலன்ஸிங்' என்கிறார்கள். நல்ல ஐ.இ. பாதி நாள் பார்க்க வேண்டியது இந்த வேலையைத்தான்.

இன்னொரு கணக்கு. 30 பேர் கொண்ட லைன், 8 மணி நேரம் என்றால் மொத்தம் 14,400 நிமிடம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 8 நிமிடம் வேலை என்றால் 100 சதவீதத் திறனில் 1,800 பீஸ் வரணும். 50 சதவீதத்தில் 900. மீதி நிமிடம் எங்கே போச்சு? கட்டிங்கில் இருந்து துணி வரவில்லை, மெஷின் ரிப்பேர், ஸ்டைல் மாற்றம், டேமேஜ் பீஸைத் திருப்பித் தைத்தது. இதில் பெரும்பாலானது டெய்லர் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருப்பது.

2023 ஏப்ரல் 21-ல் தமிழக சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியதும், எதிர்ப்பு கிளம்பி மே 1-ல் முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் ஞாபகம் இருக்கும். அதே லைனை அதே 50 சதவீதத் திறனில் 12 மணி நேரம் ஓட்டினால் 1,350 பீஸ். 8 மணி நேரத்திலேயே திறனை 75 சதவீதத்துக்குக் கொண்டுபோனாலும் அதே 1,350தான். 75 என்பது லேசான காரியம் இல்லை. ஆனாலும் அந்த விவாதத்தில் இந்தக் கணக்கு பெரிசாகப் பேசப்படவே இல்லை என்பது என் ஆதங்கம்.

ரோபோ வந்துட்டா?

கார் தொழிற்சாலையில் ரோபோ வெல்டிங் அடிக்கிறது, தைக்க மட்டும் ஏன் வரலை? காரணம் துணி. இரும்புத் தகடு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். பனியன் துணி இழுத்தால் நீளும், வெட்டின ஓரம் தானாகவே சுருளும். தையலில் ஊசி ஓடும் நேரம் கொஞ்சம்தான். எடுத்து, ஓரம் சேர்த்து, திருப்பி, அடுக்குவதுதான் பெரும்பகுதி. ஒரு விரல் சட்டென்று செய்வதை ரோபோவுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும் பாடு. ஷூ விஷயத்திலும் அனுபவம் அப்படித்தான். ஜெர்மனியின் அன்ஸ்பாக், அமெரிக்காவின் அட்லாண்டாவில் ரோபோக்களை நம்பி 'ஸ்பீட்ஃபேக்டரி' தொடங்கிய அடிடாஸ், இரண்டையும் மூடப்போவதாக 2019 நவம்பரில் அறிவித்தது.

ஆனா தையலைச் சுற்றியுள்ள வேலைகளுக்குள் ஆட்டோமேஷன் வந்துவிட்டது. துணியை விரிக்க, வெட்ட மெஷின். தைத்து முடித்ததும் நூலைத் தானே அறுக்கும் மெஷின். பீஸைத் தொங்கவிட்டு அடுத்த ஆளிடம் கொண்டுபோகும் ஹேங்கர் கன்வேயர். அப்படியென்றால் முதலில் குறைவது யார் வேலை? பிசிறு வெட்டுவது, பண்டல் தூக்குவது, கைமடி மாதிரியான வேலைகள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், சம்பளமும் டெய்லரைவிடக் குறைவு.

இன்னொரு மாற்றம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. முன்னாடி ஸ்டாப்வாட்ச் ஆள் வருவார், அளப்பார், போய்விடுவார். இப்போ சில யூனிட்களில் மெஷினிலேயே டேப்லெட் பொருத்தி ஒவ்வொரு பீஸையும் எண்ணுகிறார்கள். வாட்ச் அணைவதே இல்லை. (எங்க டெஸ்க்கிலும் ஒரு நாளைக்கு இத்தனை ஸ்டோரி என்று ஸ்கிரீனில் ஓடும். அது தனிக்கதை.) லைன் எங்கே திணறுகிறது என்று கண்டுபிடிக்கவும் அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம். யாரைத் திட்டலாம் என்று பார்க்கவும் பயன்படுத்தலாம்.

உங்க வீட்டில் யாராவது கம்பெனியில் லைனில் இருந்தால், டார்கெட் ஏறும் அன்று சூப்பர்வைசரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்க: 'எனக்கு எவ்வளவு ரேட்டிங் போட்டீங்க, அலவன்ஸ் எத்தனை சதவீதம், எந்த ஸ்டைலில் வைத்து அளந்தீங்க?' புது ஸ்டைல் தொடங்கும் முதல் இரண்டு நாளில் யாருக்கும் கை ஓடாது. பழைய ஸ்டைலில் கை பழகிய பிறகு அளந்த எண்ணை அந்த நாட்களில் அப்படியே ஒட்டியிருந்தால், அதை ஐ.இ.யிடமே எடுத்துச் சொல்லலாம்.