கிழட்டுக் கப்பல் ஓடாதா?

ஸ்டார் ட்ரெக்கில் 1984இல் வந்த எக்ஸெல்சியர் ரகக் கப்பல், கதைப்படி எண்பது வருடம் கழித்தும் ஓடுகிறது. "காசை மிச்சம் பிடிக்கப் பழைய பொம்மையையே காட்டுறாங்க தாத்தா" என்று பேரன் சிரிக்கிறான். பொம்மை பழசுதான். கதை பொய்யில்லை.

நம் மிக்-21 விமானப்படையில் சேர்ந்தது 1963. ஓய்வு 2025 செப்டம்பரில். (அதற்கு முன்பே நான் ரிட்டயர்டு!) பழசின் மேல் பாசமா? தேஜஸ் வரத் தாமதம். அதுவரை அதில்தான் நம் பிள்ளைகளை ஏற்றினோம். எத்தனை விபத்து, எத்தனை உயிர்!

எனக்கு உறுத்துவது வேறு. பேரன் காட்டிய காட்சிகளில் கிழட்டுக் கப்பல் புதுசாய்ப் பளபளக்கிறது. உதிரிபாகம் கிடைக்காமல் ஒன்றுகூட நிற்கவில்லை. அந்தக் கதாசிரியர்கள் எங்கள் மதுராந்தகத்து லாரி பட்டறையில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டு எழுதட்டும்.