லாரியின் முன்னுள்ள வெற்றிடம்

வண்டியை ஓட்டக் கற்றோர் பலர். அது நிற்கும் வகையை அறிந்தோர் சிலரே. தூத்துக்குடித் துறைமுகம் 1974ஆம் ஆண்டிற் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. அதனை நாடி மதுரைச் சாலையிலும் திருநெல்வேலிச் சாலையிலும் கண்டெய்னர் லாரிகள் அல்லும் பகலும் செல்கின்றன. அவற்றின் முன்னே சிறிது இடம் தோன்றினும் நம் மாணவர் சிலர் மோட்டார் சைக்கிளிற் புகுந்து விடுகின்றனர். 'பிரேக் இருக்கின்றதே, அஞ்சுவதேன்?' என்பது அன்னோர் துணிபு. அத்துணிபு கணக்கின்முன் நில்லாது என்பதே யாம் கூறவந்தது.

1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர், அஃதாவது வினாடிக்கு 10 மீட்டர், வேகத்தில் வருவதாகக் கொள்வோம். பிரேக் அவ்வேகத்தை வினாடிதோறும் 5 மீட்டர் வீதம் குறைப்பின், 2 வினாடியிற் கார் நிற்கும். நிறையை வேகத்தாற் பெருக்கி நேரத்தால் வகுக்க, நிறுத்தும் விசை 5,000 நியூட்டன் ஆகும். அந்நேரத்துச் சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர் ஆதலின், கார் 10 மீட்டர் ஓடி நிற்கும். இனி வேகத்தை 72 கிலோமீட்டர் ஆக்குக. அவ்விசையே நிறுத்துவதாயின் 4 வினாடி வேண்டும். சராசரி வேகமும் இரட்டித்தலின், ஓடும் தூரம் 40 மீட்டர் ஆகின்றது. வேகம் இருமடங்கு, தூரமோ நான்மடங்கு! இடையூற்றைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு வினாடி கழியுமாயின், அதற்கு 20 மீட்டர் கூட்டுக.

சரக்கோடு 40,000 கிலோகிராம் நிறையுள்ள லாரியை அங்ஙனமே நிறுத்த 2,00,000 நியூட்டன் விசை வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த சாலையில் டயரின் பிடிப்புப் பாதியாகுமாயின், 40 மீட்டர் 80 மீட்டராய் நீளும்.

ஆகவே, லாரியின் முன்னுள்ள இடம் வெற்றிடம் அன்று. அது நிற்பதற்கென ஓட்டுநர் விட்டுவைத்த இடமாகும். அதனுட் புகுவோன் தன் உயிர் காக்கும் இடைவெளியைத் தானே அழிக்கின்றான். முன்செல்லும் வண்டிக்குப் போதிய இடைவெளி விடுதல் வேண்டுமென 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. போதியது எவ்வளவு என்பதை வேகமும் நிறையும் மழையும் அன்றோ உணர்த்தல் வேண்டும்?

தமிழ் பயிலும் எமக்கு இக்கணக்கு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். எண்ணும் எழுத்தும் இரண்டும் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. சாலையோ கலை மாணவன், விஞ்ஞான மாணவன் என வேறுபாடு பாராட்டுவதில்லை. ஓட்டுநர் உரிமம் வேண்டுவோர் சாலைக் குறிகளை அறிதலோடு, இத்தகைய கணக்கொன்றையும் எளிய தமிழிற் செய்து காட்டுதல் வேண்டும் என்பது எமது துணிவு. அதுகாறும் நம் கல்லூரியேனும் புதிய மாணவர்க்கு இதனைக் கற்பித்தல் நன்று. நண்பர்காள்! விரைதல் எளிது, நிற்கும் தூரம் அறிந்து விரைதலே அறிவுடைமை.