தகரம் வாங்குமுன் ஒரு கடதாசி

மடுல்கெல்ல தோட்டத்து உறவுகளுக்கு, முக்கியமாகக் கோயில் கமிட்டிக்கும் மாதர் சங்கத்து அக்காமாருக்கும்,

மேல் லயத்துக் கூரையை மாற்றக் காசு சேர்ப்பதாக வட்ஸ்அப்பில் பார்த்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருந்தீர்கள். என் பங்கு வரும். அதற்குக் கீழே ஒரு தம்பி, “கனடாக்காரருக்குக் கூரை ஒரு காரியமா?” என்று எழுதியிருந்தான். கேட்டுவிட்டான், சொல்லிவிடுகிறேன்.

நான் இருக்கும் கல்கரி, ரொக்கி மலைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆறு மாதம் பனி. கோடை வந்தால் மலைப்பக்கம் மேகம் திரண்டு வந்து ஆலங்கட்டியாகக் கொட்டும். நம்மூரில் சித்திரை மாதத்தில் எப்போதாவது விழ, பிள்ளைகள் பொறுக்கி வாயில் போடுமே, அந்தச் சின்னக் கட்டி அல்ல. 2020 ஜூன் 13இல் இந்நகரின் வடகிழக்கில் விழுந்தவற்றில் டென்னிஸ் பந்து அளவுக் கட்டியும் இருந்தது. காப்புறுதிக் கம்பனிகளுக்கு மட்டும் ஏறத்தாழ 120 கோடி டொலர் நட்டம். 2024 ஓகஸ்ட் 5இல் மறுபடியும் அடித்தது. முதற் கணிப்பே 280 கோடி டொலர். விமான நிலையக் கட்டடமும் தப்பவில்லை. மேகத்துக்குள் விமானம் அனுப்பி, வெள்ளி அயோடைட்டு தூவி, கட்டியைச் சிறிதாக்கப் பார்க்கும் வேலையை 1996 முதல் அந்தக் கம்பனிகளே காசு கொடுத்து நடத்துகின்றன. தர்மத்துக்கு அல்ல, இலாபநட்டம் பார்த்துத்தான்.

இங்கே பெரும்பாலான வீடுகளுக்குத் தகரமும் இல்லை, ஓடும் இல்லை. பலகை அடித்து, நீர் புகாத தாள் விரித்து, மேலே தார் ஊறிய ஷிங்கிள் துண்டுகளை வரிசையாக ஆணியடிப்பார்கள். அதன் முகத்தில் கல்மணல் ஒட்டியிருக்கும். ஆலங்கட்டி பட்டதும் உடனே ஒழுகிவிடாது. மணல் உதிர்ந்து பீலியில் கறுப்பாகத் தேங்கும், பிறகு வெயிலும் பனியும் தாரைத் தின்னும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துத்தான் கூரை சொட்டத் தொடங்கும். எங்கள் வீட்டுக்கு வந்த காப்புறுதிக்காரர் ஏணி வைத்து ஏறி, சோக்கட்டியால் பத்தடிக்குப் பத்தடி சதுரம் கீறி, உள்ளே பட்ட அடிகளுக்கு ஒவ்வொன்றாய் வட்டம் போட்டு எண்ணினார். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையின் முகம் எப்படி இருக்கும், அதே முகம்.

சாதாரண வீட்டுக் கூரையை மாற்றப் பத்தாயிரம் டொலரிலிருந்து இருபதாயிரம் வரை போகும். பழையதை உரித்து அள்ளுவதற்கும், ஓரத்தில் உருகிய பனி மறுபடி உறைந்து உள்ளே ஏறாமலிருக்க ஒட்டும் தாளுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. ஆலங்கட்டியைத் தாங்கும் நான்காம் வகுப்பு ஷிங்கிள் என்றால் இன்னும் ஏறும். 2020 மழைக்குப் பிறகு நகரசபை அதற்கு 3,000 டொலர் திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்று வைத்தது. காப்புறுதியும் முழுவதையும் தராது. முதல் ஒரு தொகை நம் கையிலிருந்து போகவேண்டும். கூரைக்கு வயதாகியிருந்தால் பல கம்பனிகள் தேய்மானத்தையும் கழிக்கும். ஆகவே தம்பி, இது பெரிய காரியம்தான்.

ஆனாலும் எங்கள் கூரை மாறியது. என் சம்பளத்தை நம்பியிருந்தால் மாறியிருக்காது. வீட்டின் உறுதி எங்கள் பேரில் இருந்ததால் வங்கி கடன் தந்தது. காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்றும் அந்த வங்கிதான் நின்றது. நகரசபைத் திட்டமும் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான்.

இனி மேல் லயத்துக்கு வருவோம். அது யாருடைய சொத்து? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். கண்டிப் பக்கம் சில, ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் தங்கின. யார் நடத்தினாலும் லயம் அவர்கள் கையில். ஒழுகும்போது மட்டும் உங்களுடையது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. பிறகு கூடினாலும் அது நாட்சம்பளம்தான். அதில் சீட்டுப் போட்டு, தோட்டத்தின் கட்டடத்துக்கு நீங்கள் தகரம் வாங்கிக் கொடுக்கிறீர்கள். தப்பென்று சொல்லவில்லை, பிள்ளைகள் நனைய முடியாது. ஆனால் இதற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது கைக்கு வரவேண்டாமா?

தகரமா அஸ்பெஸ்டஸா என்று பேச்சு நடப்பதாகவும் கேள்விப்பட்டேன். அஸ்பெஸ்டஸ் வேண்டாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஒரு காலத்தில் உலகத்துக்கே அதைத் தோண்டி விற்ற கனடா, 2018 முடிவில் தன் நாட்டில் தடை செய்தது. கியூபெக்கில் அஸ்பெஸ்டஸ் என்றே பேர் வைத்திருந்த ஊர் 2020இல் பேரை மாற்றிக்கொண்டது. இலங்கையும் 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்தப் போவதாக இருந்தது. 2017 டிசம்பரில், பொதியொன்றில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை இலங்கைக்கு அதிகம் விற்கும் நாடும் ரஷ்யாதான். கொஞ்ச நாளில் கொழும்பு தன் முடிவைத் தள்ளிவைத்தது, தேயிலைத் தடையும் நீங்கியது. நீங்கள் பறித்த கொழுந்தைக் காட்டி உங்கள் தலைக்கு மேலேயே அந்த ஷீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

தகரமே போடுங்கள். கல்லும் டயரும் மண்மூட்டையும் ஏற்றி நக்கிள்ஸ் மலைக் காற்றைத் தடுக்கலாம் என்று இருக்கவேண்டாம். ரீப்பைகளை மாற்றி, கொக்கி போல்ட்டால் இறுக்கி, போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாசர் போடச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கூப்பிட்டு மேல் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பார்க்கச் சொல்லவேண்டும். 2025 நவம்பர் டித்வா புயலில் கண்டி மாவட்டத்தில் மண்சரிந்து எத்தனை குடும்பங்கள் போயின என்பது எனக்கு நீங்கள் சொன்னதுதான். இடமே ஆபத்து என்றால் கூரைக்குச் செலவழித்துப் பயனில்லை, வேறு இடம்தான் கேட்கவேண்டும்.

கமிட்டி உடனே ஒரு கடிதம் எழுதட்டும். கூரையைக் குடியிருப்பவர்களே தங்கள் காசில் மாற்றுகிறார்கள் என்பதை நிர்வாகம் எழுத்தில் ஏற்கவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணியும் உறுதியும் எப்போது என்பதற்குப் பதில் வேண்டும். துரைக்கு ஒன்று, பன்வில பிரதேச செயலகத்துக்கு ஒன்று, சந்தா வாங்கும் சங்கங்களுக்கு ஆளுக்கொன்று. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். என் காசு இந்த மாதமே வந்துவிடும். கடிதத்தின் பிரதியை அதே வட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

கல்கரியிலிருந்து,
உங்கள் லயத்துப் பிள்ளை