வளர்ந்தது நகரம், தேய்ந்தது யார்?

“சென்னை வளர்கிறது” என்று பூரிக்கின்றனர் சீமான்கள். வளரட்டும், வேண்டாமென்பார் இல்லை. ஆனால் யாருடைய மண்ணை விழுங்கி வளர்ந்தது என்று கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்கின்றனர். வரலாறு வாய் மூடவில்லை, கேளுங்கள்!

1639ஆம் ஆண்டில் நாயக்கரிடம் இசைவு பெற்ற கும்பினி, மீனவர் குப்பங்களுக்கு அருகே கோட்டை எழுப்பிற்று. உள்ளே வெள்ளையர்; வெளியே, நெய்தும் சுமந்தும் நகரைச் செழிக்க வைத்த நம்மவர். அவர்கள் வாழ்ந்த இடத்துக்கு இட்ட பெயர் ‘கறுப்பர் நகரம்’! 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரரோடு போர் மூண்டது. கோட்டைப் பீரங்கிக்குத் திறந்தவெளி வேண்டுமென்று அவ்வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. மக்கள் அப்பால் துரத்தப்பட்டனர். அந்த மண்ணில்தான் இன்று நீதி வழங்கும் உயர்நீதிமன்றம் நிற்கிறது!

அடுத்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் வந்தது. தெற்கிலிருந்து வடக்கே கடல் சுமந்து செல்லும் மணலை அதன் சுவர்கள் மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது, மெரினா அகன்றது. மணல் வரத்து குறைந்த வடக்கே, இராயபுரம் தொட்டு எண்ணூர் நோக்கிக் கரை அரிக்கப்பட்டது. குப்பத்து வீடுகளை அலை கொண்டு சென்றது. ஒரு பக்கம் உலாவ மணற்பரப்பு; மறுபக்கம் ஒண்ட இடமில்லை! கடல் செய்த கொடுமையா இது? கல் அடுக்கியவர் போட்ட கணக்கு!

அகன்ற அந்த மணலாவது மீனவனுக்கு உண்டா? 1985ஆம் ஆண்டில், மெரினாவை அழகுபடுத்துவதாகக் கூறிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தனர். எதிர்த்து நின்ற மீனவர் மீது துப்பாக்கி பேசிற்று, உயிர்கள் பறிபோயின. உழைப்பவனின் கட்டுமரம் அழகைக் கெடுக்கிறதாம்!

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ‘பாதுகாப்பு’ என்ற புதுச் சொல் பிறந்தது. கரையோரக் குடும்பங்கள் பல, தொலைவிலுள்ள செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. படகு ஒரு திசை. வீடு ஒரு திசை. 2015 பெருவெள்ளம் அங்கும் அவர்களை விடவில்லை. அதே கரையில் எழுந்த மாளிகைகளையும் விடுதிகளையும் மட்டும் அலை தொடாதோ? குப்பத்துக்கு ஆபத்தான கடல், கோடீசுவரனுக்குக் காட்சிப் பொருளோ?

தோழர்களே! வளர்ச்சிக்கு நாம் பகைவரல்லர். வளர்ச்சியின் விலையை ஏழையே கட்ட வேண்டும் என்னும் நியதிக்கே பகைவர். கடலோர மீனவரின் நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் தீட்ட வேண்டுமென 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே கூறிற்று. எழுத்தில் இருப்பது கரைக்கு வந்தாக வேண்டும். படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் திடல், மீன் விற்கும் களம் ஆகியவை ஊரின் பொதுச்சொத்து என்று பதிவாக வேண்டும்.

கொடி கட்டும் கைகளே, குப்பங்களுக்குச் செல்லுங்கள்! வீடு வீடாய்க் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், எழுதியதை மன்றங்களில் முழங்குங்கள். நகரைப் பெற்றெடுத்த கரை, அதில் உழைப்பவனுக்கு அந்நியமாகலாமா? ஆகாது, ஆகவும் விடோம்!