தோற்க முடியாத நாயகன்

1995 பொங்கலுக்கு வந்த ‘பாட்ஷா’வில் ரஜினிகாந்தைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை அடியையும் வாங்கிக்கொள்கிறான். உச்ச நட்சத்திரம் ரௌடிகளிடம் அடிபடுவதை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதைவிட முக்கியம், அந்த அடி அவர்களைப் பதறவைத்து, பதிலடி எப்போது வரும் என்று காத்திருக்க வைத்தது. தங்கைக்கு ஆபத்து வந்த பிறகு மாணிக்கத்தின் கை ஓங்கும்போது தியேட்டர் அதிர்ந்ததற்கு அந்தக் காத்திருப்புதான் காரணம். ஏழு ஆண்டு கழித்து, 2002இல், அதே இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா அதே ரஜினியை வைத்து ‘பாபா’ எடுத்தார். கதை, திரைக்கதை, தயாரிப்பு மூன்றும் ரஜினியே. ‘படையப்பா’வுக்குப் பிறகு மூன்றாண்டு இடைவெளி, தமிழகமே எதிர்பார்த்த படம். அதில் நினைத்ததை ஏழு முறை நடத்தித்தரும் மந்திரம் நாயகனுக்குக் கிடைக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க, வானத்தில் பறக்கும் பட்டம் தன் கைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறான், வந்துவிடுகிறது. கதையின் பிடி அந்த இடத்திலேயே தளர்ந்துவிட்டது. நினைத்ததெல்லாம் கைக்கு வரும் ஒருவனுக்காக யார் கவலைப்படுவார்கள்? படம் தோற்றது; விநியோகஸ்தர்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட ரஜினியே பணம் திருப்பிக் கொடுத்தார்.

பெரிய நடிகரின் பெரிய படம் ஏமாற்றும்போது நாம் சொல்லும் காரணங்கள் பழகிப்போனவை. திரைக்கதையில் ஓட்டை, நீளம் அதிகம், பாட்டு எடுபடவில்லை, சத்தம் தாங்கவில்லை. எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அனுபவமுள்ள இயக்குநர்களும் நாட்டின் தேர்ந்த தொழில்நுட்பக் கலைஞர்களும் வேலை செய்யும் படங்களில் மட்டும் இந்தக் குறைகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? பணத்தைத் தட்டுப்பாடின்றிச் செலவழித்தும் ஏன் சரிசெய்ய முடியவில்லை? என் கணிப்பில், இந்தப் படங்கள் எழுதப்படுவதற்கு முன்பே விற்கப்பட்டுவிடுகின்றன. விற்கப்படும் சரக்கு நாயகனின் வெல்ல முடியாத பிம்பம். அந்தப் பிம்பத்துக்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கதையில் அவன் தோற்கக்கூடிய வழிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்படுகின்றன. கடைசியில் எஞ்சுவது ஆபத்தே இல்லாத ஒரு கதை.

வியாபாரம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். பெரிய படம் நடிகரின் கால்ஷீட்டில் தொடங்குகிறது. கால்ஷீட் கிடைத்தால் ஃபைனான்ஸ் கிடைக்கும். ஃபைனான்ஸ் வந்த நாளிலிருந்து வட்டி ஓடும். ஓ.டி.டி., சாட்டிலைட், ஆடியோ, வெளிநாட்டு உரிமை என்று ஒவ்வொன்றும் பேசப்படுகிறது. பிறகு செங்கல்பட்டு, கோவை, மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், சேலம், நெல்லை–கன்னியாகுமரி என்று ஏரியா ஏரியாவாக விநியோக உரிமை போகிறது. எம்.ஜி. முறையில் எடுப்பவர் குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் தந்தாக வேண்டும். இத்தனை பேரும் விலை பேசும்போது அவர்கள் கையில் இருப்பது நடிகரின் பெயர், இயக்குநரின் முந்தைய வெற்றி, ஒரு போஸ்டர், பண்டிகையை ஒட்டிய ஒரு தேதி. கதை நன்றாக இருப்பதால் விலை ஏறுவதில்லை; மோசமாக இருப்பதால் இறங்குவதும் இல்லை. விலையோடு சம்பந்தமில்லாத ஒன்றுக்காக யார் சண்டை போடுவார்கள்? இரண்டாம் பாதி இழுக்கிறது என்று எடிட்டருக்குத் தெரிந்திருக்கும், உதவி இயக்குநர்களுக்கும் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிப் படப்பிடிப்பை நிறுத்தும் அதிகாரம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இல்லை.

2024இல் இதற்கு இரண்டு கண்கூடான சாட்சிகள் கிடைத்தன. ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ மூன்று மணி நேரம் ஓடியது. வெளியான சில நாட்களில் சுமார் 12 நிமிடங்களை வெட்டினார்கள். நவம்பரில் வந்த ‘கங்குவா’விலும் ஏறக்குறைய அதே அளவு வெட்டு விழுந்தது. சத்தம் காதைப் பிளக்கிறது என்ற புகார் பெருகியதால், ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொள்வதாகத் தயாரிப்பாளரே சொன்னார். வெளியீட்டுக்கு முன் 2000 கோடி ரூபாய் வசூலைப் பற்றிப் பேசப்பட்ட படம் அது. முதல் காட்சி பார்த்தவர் ஒரு மணி நேரத்தில் கண்டுகொண்ட குறையை, ஆண்டுக்கணக்கில் அந்தப் படத்தோடு வாழ்ந்த யாரும் வெளியீட்டுக்கு முன் திருத்தவில்லை. நூற்றுக்கணக்கான பேர் கடுமையாக உழைத்த படங்கள் அவை. ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் 2020 பிப்ரவரியில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். உழைப்பில் குறை காண யாராலும் முடியாது. அவ்வளவு உழைப்பும் தேவையான இடத்துக்குப் போய்ச் சேராததுதான் வருத்தம்.

‘இந்தியன்’ வரிசையை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1996இல் வந்த முதல் படத்தில் நாயகன் சேனாபதியின் கொள்கைக்கு அவரே விலை கொடுக்கிறார். லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகளைப் பறிகொடுக்கிறார். கடைசியில் லஞ்சம் வாங்கிய மகனைத் தன் கையாலேயே கொல்கிறார். கொல்லாதே என்று மன்றாடவும் தோன்றும், கொன்றால்தான் நியாயம் என்றும் தோன்றும். பார்வையாளரை அந்த இக்கட்டில் நிறுத்தியதுதான் அதன் பலம். இரண்டாம் பாகத்திலும் இழப்பு இருக்கிறது. சேனாபதியின் பேச்சைக் கேட்டு, ஊழல் செய்த சொந்தத் தந்தையைக் காட்டிக்கொடுக்கும் இளைஞன் தாயை இழக்கிறான். நல்ல கரு, அதை வைத்தே ஒரு முழுப் படம் எழுதியிருக்கலாம். ஆனால் இழப்பு சித்தார்த் ஏற்ற அந்தப் பாத்திரத்தோடு நின்றுவிடுகிறது. சேனாபதி வர்மக்கலையோடு அடுத்த ஊழல்வாதியைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறார். நாயகனுக்கு வர வேண்டிய வலி பக்கத்தில் நிற்பவருக்கு மாற்றி எழுதப்பட்ட பிறகு அந்தக் கதை யாருடையது?

நட்சத்திரத்துக்காகக் கதை வளைக்கப்படுவதைக் கண்ணெதிரே காட்டியது 2008இல் வந்த ‘குசேலன்’. மூலப் படமான ‘கத பறயும்போள்’ மலையாளத்தில் 2007இல் வந்தது. சீனிவாசன் எழுதி நடித்த சிறிய படம். ஊருக்கு சூப்பர் ஸ்டார் வருகிறார். அவர் முடிதிருத்தும் பாலனின் பால்ய நண்பர் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இன்றைக்கு அவர் தன்னை அடையாளம் கண்டுகொள்வாரா என்ற பயத்தில் பாலன் கிட்டப் போகவே தயங்குகிறான். மொத்தப் படமும் அந்தத் தயக்கம்தான். மம்மூட்டி கொஞ்ச நேரமே வருகிறார். கடைசியில் பள்ளி மேடையில் நண்பனைப் பற்றிப் பேசும்போது அந்த நேரம் போதுமானதாகிவிடுகிறது. தமிழில் பசுபதி மனம் தொடும்படி நடித்தும், படம் ரஜினி படமாகவே விலைபோனது. கொடுத்த விலைக்கு ரஜினியைக் காட்டியாக வேண்டுமே. படத்துக்குள் படம், பாட்டு, வடிவேலு காமெடி என்று திரை நிறைந்தது. தூரத்தில் இருக்க வேண்டிய நட்சத்திரம் கிட்டே வந்ததும் பசுபதியின் தயக்கத்துக்கு வேலை இல்லாமல் போனது. பள்ளி மேடைப் பேச்சு தமிழிலும் நெகிழவைக்கவே செய்தது, ஆனால் அதற்குள் படம் கைவிட்டுப் போயிருந்தது. 2025இல் வந்த ‘விடாமுயற்சி’யின் கதியும் இதுவே. அதற்கு மூலமான ‘பிரேக்டவுன்’ 1997இல் வந்த, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஹாலிவுட் படம். நடுவழியில் மனைவியைத் தொலைத்த சாதாரண மனிதனின் பதற்றம் அது. அஜித் போன்ற நடிகர் அடிவாங்கும் பாத்திரத்தை ஏற்றது பாராட்ட வேண்டிய துணிச்சல். ஆனால் அந்தச் சின்னக் கதையை இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்தார்கள். மாஸ் படத்துக்கான விலையில் விற்றதால் ரசிகர்களும் மாஸ் படத்தையே எதிர்பார்த்து வந்தார்கள். நாயகனை அடிபட விட்டால் மட்டும் படம் தேறிவிடாது. அந்தக் கதைக்கு உரிய அளவிலும் விலையிலும் படம் இருக்க வேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, படங்களைக் கொல்வது விமர்சகர்கள் என்பது. ‘கங்குவா’ வந்த பிறகு, தியேட்டர் வாசலில் யூடியூபர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பிலிருந்து கோரிக்கை வந்தது. முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கருத்துச் சுதந்திரத்தைக் காட்டி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. திட்டமிட்ட வசையும் நடிகரின் குடும்பத்தை இழுக்கும் வக்கிரமும் இருக்கின்றன, அவை கண்டிக்கப்பட வேண்டியவை. ஆனால் ‘பாபா’வும் ‘குசேலனும்’ தோற்றபோது இந்த யூடியூப் பட்டாளம் எங்கே இருந்தது? இன்றைய விமர்சனம் தோல்வியைச் சீக்கிரம் ஊருக்குச் சொல்லிவிடுகிறது. அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. நாயகன் தோற்பதை ரசிகன் விரும்ப மாட்டான், தோற்காத நாயகனைப் பார்க்கத்தான் அவன் காசு கொடுக்கிறான் என்பார்கள். ‘விடாமுயற்சி’க்கு இரண்டே மாதம் கழித்து அதே அஜித்தின் ‘குட் பேட் அக்லி’ முழுக்க முழுக்க ரசிகர் கொண்டாட்டமாக வந்து ஓடியதைக் காட்டுவார்கள். உண்மைதான். கொண்டாட்டம் என்றே சொல்லி விற்ற படம், கொண்டாட்டத்தைக் கொடுத்தது. ஆனால் அது கைதட்டல் வாங்கிய இடங்களில் பல, நடிகரின் பழைய படங்களை நினைவூட்டிய இடங்கள். அந்தப் பழைய படங்கள் எப்படிப்பட்டவை? ‘வாலி’யில் தம்பி மனைவி மீது ஆசை வைத்து அழிந்துபோகும் அண்ணன், ‘மங்காத்தா’வில் பணத்துக்காக எதையும் செய்யத் துணியும் போலீஸ்காரன். பிம்பத்தைப் பணயம் வைத்து அன்று சம்பாதித்த மதிப்பு இன்று செலவாகிறது. புதிதாகச் சேர்ப்பதற்கு யாராவது மறுபடியும் பணயம் வைத்தாக வேண்டும். வைத்தவர்களும் இருக்கிறார்கள். 2022இல் வந்த ‘விக்ரம்’ முதல் பாதியில் கமலைப் பெரும்பாலும் மறைத்தே வைத்துவிட்டு, படத்தை ஃபகத் பாசில் தோளில் ஏற்றியது. 2023இன் ‘ஜெயிலர்’ நேர்மையாக வளர்த்த மகனே குற்றவாளி என்று அறியும் தந்தையின் தோல்வியில் முடிந்தது. 2024 அக்டோபர் 31 அன்று வந்த ‘அமரன்’ மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை; நாயகன் இறந்துவிடுவார் என்பது டிக்கெட் எடுத்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ‘கங்குவா’ வெளியானது. தோற்கும் நாயகனை மக்கள் ஏற்க மாட்டார்கள் என்ற பேச்சுக்கு இதற்குமேல் என்ன பதில் வேண்டும்?

வசூலில் தோற்றதெல்லாம் ஏமாற்றமும் ஆகாது. 2003 பொங்கலுக்கு வந்து பணம் இழந்த ‘அன்பே சிவம்’ இன்றும் விரும்பிப் பார்க்கப்படுகிறது. அதில் கமல் விபத்தில் சிதைந்த முகத்தோடு, காதலியை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நடந்து போகிறார். எழுதப்பட்ட கதை முழுமையாகத் திரைக்கு வந்துவிட்டால், ஒரு தலைமுறை தாமதமாகவாவது பார்வையாளர் கிடைக்கிறார்கள். கதை எழுதப்படாமலேயே எடுக்கப்பட்ட படத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

பெரிய படங்களே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஊரில் உள்ள ஒற்றைத் திரை தியேட்டர், கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் ஆண்டுக்கு நான்கைந்து நட்சத்திரப் படங்களின் ஓபனிங்கை நம்பியே உயிர் வாழ்கின்றன. அதனால்தான் அந்தப் படங்கள் ஏமாற்றும்போது அடி யாருக்கு விழுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நடிகரின் சம்பளம் முன்பே முடிந்த கணக்கு. ரஜினியின் ‘லிங்கா’ வந்த சில வாரங்களில், 2015 ஜனவரியில், நஷ்டஈடு கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் படத்தை வாங்கிய விநியோகஸ்தர்கள். புதுமுகங்களை வைத்து ஒருவர் படம் எடுத்தால், முழுப் படத்தையும் பிரிவியூவில் போட்டுக் காட்டச் சொல்லி, பிடித்தால்தான் வாங்குவார்கள். பல கோடி போட்டு வாங்கும் படத்துக்கு மட்டும் இந்த நிபந்தனை கிடையாது. மதுரைக்கும் சேலத்துக்கும் உரிமை வாங்குகிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து, முடிந்த படத்தைப் பார்த்த பிறகே விலை பேசுவோம் என்று சொல்லட்டும். நடிகரும் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது வசூலில் பங்காக வாங்கிக்கொள்ளட்டும். அப்போது கதை விவாதத்தில் ‘ஹீரோ இந்த இடத்தில் அடி வாங்கட்டும் சார்’ என்று ஓர் உதவி இயக்குநர் சொன்னால், காது கொடுத்துக் கேட்க அந்த அறையில் எல்லோருக்கும் காரணம் இருக்கும்.