சுருட்டுப் பாயும் பிந்திய முடிவும்

2017 ஆம் ஆண்டு கோடையில், ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியில் பழைய நண்பர் ஒருவரின் பாய்ப்படகில் சென்றேன். 21 அடி நீளமான சிறு படகு. அதை ட்ரெய்லரில் ஏற்றி வாகனத்தின் பின்னால் இழுத்து வருவார். கரையில் பாய்மரத்தை நிமிர்த்தி நீரில் இறக்குவார். மாலையில் பாய்மரத்தைச் சாய்த்து வீட்டுக்குக் கொண்டு செல்வார். அவ்வாண்டு முன்பாய்க்குப் புதிதாக ஒரு சுருட்டுக் கருவி பொருத்தியிருந்தார். இருந்த இடத்திலிருந்தே ஒரு கயிற்றை இழுத்தால் பாய் சுருண்டுவிடும் என்று பெருமையுடன் கூறினார்.

பிற்பகலில் மேற்கு வானம் கறுத்தது. "பாயைச் சுருட்டுவோமா?" என்று அவருடைய மனைவி கேட்டார். "அதற்கு ஒரு நிமிடம் போதும், பிறகு பார்ப்போம்" என்றார் நண்பர். கால் மணி நேரத்தில் காற்று வந்து தாக்கியது. கயிற்றை இழுத்தார், சில சுற்றுகளுடன் அது நின்றுவிட்டது. பாதி விரிந்த பாய் இடிபோல் அடித்துக்கொண்டிருக்க, அவர் தவழ்ந்து அணியத்துக்குப் போனார். அவருடைய பாரத்தால் அணியம் அலைக்குள் தாழ்ந்தது. சுக்கான் அவருடைய மனைவியின் கையில் இருந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிக்கலை அவிழ்த்து நண்பர் மீண்டு வந்தார். வராமலும் போயிருக்கலாம்.

எவரும் அணியத்துக்குப் போகக்கூடாது என்பதற்காகவே அக்கருவி பொருத்தப்பட்டது. மிக மோசமான நேரத்தில் அதுவே அவரை அங்கே அனுப்பியது. இதனாற்றான் இக்கருவி குறித்துச் சில வார்த்தைகள் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அதன் அமைப்பு எளிது. முன் கம்பியைச் சுற்றிப் பாய் சுருளும். கீழே ஓர் உருளை, அதில் ஒரு கயிறு. பாய் விரியும்போது கயிறு உருளையில் சுற்றிக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் பாய் சுருளும். விரிக்கும்போது கயிற்றைச் சற்றே இறுக்கிப் பிடித்துக் கைவழியே விட வேண்டும். அன்று காலையில் நாங்கள் அதை அப்படியே ஓடவிட்டோம். தளர்வாக விழுந்த சுற்றுகளுக்குள் இறுகிய சுற்றுகள் புதைந்துகொண்டன. பிழை கருவியினுடையதன்று, எங்களுடையது. படகைக் காற்றின் போக்கில் திருப்பி, பெரிய பாயின் மறைவில் முன்பாயை அடங்கச் செய்திருந்தால் அந்தச் சிக்கலையும் ஆபத்தின்றி அவிழ்த்திருக்கலாம்.

இரண்டாவது மயக்கம், சுருட்டுவதும் குறைப்பதும் ஒன்றே என்று எண்ணுவது. முழுவதும் சுருட்டிய பாய் அடங்கிவிடும். பாதி சுருட்டிய பாயோ நடுவில் பை போல் உப்பி நிற்கும். படகைச் சாய்க்கும், ஆனால் காற்றை எதிர்த்து முன்னேற விடாது. பாயின் முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால் இக்குறை ஓரளவு குறையும், தீராது.

ட்ரெய்லரில் வரும் படகுக்குத் தனித் தொல்லைகளும் உண்டு. முன் கம்பியை மூடும் அலுமினிய உறை, பாய்மரத்தைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் வளையவோ நெளியவோ கூடும். பாயை உயர்த்தும் கயிறு உச்சியில் முன் கம்பியுடன் சுற்றிக்கொண்டால் பாய் சுருளாது. மேலும் வலிந்து இழுத்தால் கம்பியின் இழைகள் அறும். கம்பி அறுந்தால் பாய்மரமே விழும்.

ஆகவே என் கருத்து இது. பருவம் முழுவதும் நீரில் நிற்கும் படகுக்கு, அதிலும் தனியாகச் செலுத்துபவருக்கு, சுருட்டுக் கருவி நல்ல துணை. வெயிலைத் தாங்கும் துணிப்பட்டை ஒன்றைப் பாயின் விளிம்பில் தைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு பயணத்திலும் பாய்மரம் சாய்க்கப்படும் படகுக்குக் கொளுக்கிகளில் ஏறும் பழைய பாயே மேல். பாயின் உச்சியில் கட்டிய ஒரு கயிற்றை அணியத்திலுள்ள சிறு கப்பி வழியாக இருக்கைக்குக் கொண்டுவந்தால், உயர்த்தும் கயிற்றைத் தளர்த்தி இதை இழுத்ததும் பாய் இறங்கிவிடும். இதுவும் குறையற்றதன்று. இறங்கிய பாய் தட்டில் கிடந்து காற்றில் அலையும். பின்னர் மடிக்க வேண்டும். ஆயினும் செலவு சொற்பம், சிக்குவதற்கு அங்கே அதிகம் இல்லை.

இதைச் சொன்னபோது நண்பர் சிரித்தார். முழங்கால் வலியுள்ள ஐம்பது வயதுக்காரன் பாய் மடித்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் "ஒரு நிமிடம் போதும்" என்ற நம்பிக்கையே அன்று எங்கள் கால் மணி நேரத்தைத் தின்றது. வசதி கூடக்கூட முடிவு பிந்துகிறது.

வடமராட்சிக் கரையில் வளர்ந்தவன் நான். காற்று மாறுமுன்னரே பாயை இறக்கிய கடற்றொழிலாளரைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் உருளையும் இல்லை, அலுமினியமும் இல்லை.

நண்பர் கருவியைக் கழற்றவில்லை. ஆனால் இப்போது விரிக்கும்போது கயிற்றைக் கைவழியே விடுகிறாராம். மனைவி கேட்டால் மறுபேச்சின்றிச் சுருட்டிவிடுகிறாராம். எனக்கு அது போதும்.