வேடந்தாங்கலின் கட்டுப்பாடு கடற்கரைக்கும் வேண்டும்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டத் தொடங்கும். சனி, ஞாயிறுகளில் வேன் பிடித்து நாமும் போகிறோம். போகத்தான் வேண்டும், கண்ணால் பார்த்தால்தான் அக்கறை பிறக்கும். ஆனால், போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்கிறோம்?

அதை அந்த ஊரே நமக்குக் கற்றுத் தருகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கிராமத்தார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையும் கைவிட்டார்கள். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்கு அடித்தளம் இந்த ஊர்க்கட்டுப்பாடுதான்.

ஆனால், வேடந்தாங்கல் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கடற்கரையில், அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டியும் நீளும் மணலில், ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. வெளிச்சமும் சத்தமும் இருந்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். இரவில் பொரிந்து வரும் குஞ்சுகள் கடல்மேல் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்தே நீரைச் சேரும். கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) விடுதிகளின் விளக்குகள் அதைவிடப் பிரகாசமாக எரிந்தால், குஞ்சுகள் சாலைப் பக்கம் ஊர்ந்து சாகின்றன. வனத்துறையும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் காப்பது பெரும் தொண்டு. அவர்கள் மட்டுமே சுமக்க வேண்டிய பாரமல்ல அது.

ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைப்பதும், மணலில் ஒலிபெருக்கியும் வண்டியும் தவிர்ப்பதும் கடலோர விடுதிகளின் உரிமத்திலேயே நிபந்தனையாக வேண்டும். மீறினால் அபராதம் விதிக்க வேண்டும். வேடந்தாங்கலில் கூடு கட்டும் மாதங்களில் ஒரு நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தக் கிராமத்துக்குச் சேர வேண்டும். வழிகாட்டி வேலையில் உள்ளூர் இளைஞர்களுக்கும், கடற்கரையில் மீனவக் குடும்பங்களுக்கும் முதலிடம் தர வேண்டும்.

இதனால் சுற்றுலா நலிந்துவிடாது. பறவையும் ஆமையும் வராமல் போனால்தான் நலியும். ஒரு கிராமம் தானாக ஏற்ற கட்டுப்பாட்டை, அரசும் விடுதிகளும் பயணிகளான நாமும் ஐந்து மாதங்களுக்காவது ஏற்பது நம் கடமை.